மண் சுருங்கும், கணக்கு சுருங்காது!

விருத்தாசலம் பீங்கானுக்கு அளவு சொல்லும் ஒரு தாளின் கதை

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். ரெயிலில் அடிக்கடி போகிறவர்களுக்குப் பெரிய ஜங்ஷன் நினைவுக்கு வரும்.

வீட்டுப் பெண்களுக்கு? பீங்கான்!

கடலூர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் பொருள் செய்வதற்கென்றே இங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் அரசாங்கப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு.

பொம்மை, அகல் விளக்கு, மின்சாரச் சாமான் என்று பல பொருள்கள் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வருகின்றன. அவற்றில் அழகே இல்லாத பொருள் ஒன்று உண்டு. யாரும் அதைக் கொலுவில் வைப்பது இல்லை. ஆனால் வீட்டைக் காப்பது அதுதான்.

அது பியூஸ் கட்டை!

இரண்டு துண்டு

பழைய வீடுகளில் மீட்டர் பலகையைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டை இருக்கும். அது ஒரே பொருள் அல்ல. இரண்டு துண்டு. ஒன்று பலகையில் பதிந்து இருக்கும் அடிக்கட்டை. மற்றொன்று கையால் பிடித்து இழுக்கும் மேல்கட்டை. மேல்கட்டையில் மெல்லிய கம்பி ஒன்று கட்டி இருக்கும்.

மின்சாரம் அளவுக்கு மிஞ்சி ஓடினால், அந்தக் கம்பி உருகி அறுந்து விடும். விளக்கு அணையும். வீடு பிழைக்கும்.

புதிய வீடுகளில் இந்த வேலையை 'டிரிப்பர்' செய்கிறது. ஆனாலும் பியூஸ் கட்டை இன்னும் பல இடங்களில் உழைத்துக் கொண்டுதான் இருக்கிறது.

பீங்கானை ஏன் தேர்ந்து எடுத்தார்கள்? அதில் மின்சாரம் பாயாது. நெருப்பும் பிடிக்காது.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. மேல்கட்டை, அடிக்கட்டைக்குள் சரியாகப் பொருந்த வேண்டும். கட்டை பெரிதாக இருந்தால் உள்ளே நுழையாது. சிறிதாக இருந்தால் ஆடும். ஆடினால் பித்தளைத் துண்டுகள் சரியாக ஒட்டாது. ஒட்டாத இடத்தில் சூடு ஏறும். காக்க வந்த பொருளே கருகிப் போகும்.

அடிக்கட்டையை அழுத்தியவர் ஒருவர். மேல்கட்டையை அழுத்தியவர் வேறொருவர். அச்சு வெட்டியவர் இன்னொருவர். பித்தளைத் துண்டு வேறு ஊரிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. அப்படியானால், இவர்கள் செய்த துண்டுகள் எப்படிப் பொருந்துகின்றன?

எல்லோர் கையிலும் ஒரே தாள் இருந்தது. அதனால்தான் பொருந்துகின்றன. அந்தத் தாளின் பெயர் வரைபடம். தொழிற்சாலையில் 'டிராயிங்' என்பார்கள்.

படம் வேறு, வரைபடம் வேறு

"நல்ல போட்டோ ஒன்று எடுத்துக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. ரெயில் தண்டவாளத்தின் நடுவே நின்று எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் அகலமாக இருக்கும் தண்டவாளம், போகப் போக ஒடுங்கிக் கடைசியில் ஒரு புள்ளியில் சேர்ந்து விடும். உண்மையில் தண்டவாளம் ஒடுங்குவது உண்டா? ஒடுங்கினால் ரெயில் கவிழ்ந்து விடுமே!

கண்ணுக்கும் போட்டோவுக்கும் தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரியும். வரைபடத்தில் அந்த வேலை நடக்காது. பக்கம் தூரம் என்ற பாகுபாடு அங்கே இல்லை. ஒரே நீளமுள்ள இரண்டு விளிம்பு, தாளிலும் ஒரே நீளமாகவே இருக்க வேண்டும்.

அதனால் என்ஜினீயர் ஒரு பொருளை ஒரே படமாக வரைவது இல்லை. முன்னால் நேராக நின்று பார்த்து ஒன்று. மேலே இருந்து பார்த்து ஒன்று. பக்கத்தில் இருந்து பார்த்து ஒன்று. ஆக மூன்று.

மூன்று எதற்கு? சமையல் அறையில் உள்ள இரண்டு டப்பாக்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று உருண்டை டப்பா. மற்றொன்று சதுர டப்பா. இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். கண்ணுக்கு நேராக வைத்து முன்னால் இருந்து பார்த்தால் இரண்டின் வடிவமும் நீள்சதுரம்தான். மேலே இருந்து பாருங்கள். ஒன்று வட்டம், மற்றொன்று சதுரம். குட்டு வெளிப்பட்டு விடும்!

முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்பவை இவைதான். வீடு கட்டுகிறவர்கள் 'எலிவேஷன்', 'பிளான்' என்று சொல்வதும் இதையே.

ராணுவ ரகசியம்

இந்த முறைக்குக் கணித இலக்கணம் வகுத்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்பார் மோஞ்சு. 1746-ம் ஆண்டில் பிறந்தவர். சிறு வியாபாரி ஒருவரின் மகன்.

இளைஞராக இருந்தபோது மெசியேர் என்ற ஊரில் இருந்த ராணுவப் பள்ளியில் அவர் வேலை பார்த்தார். எதிரியின் குண்டு உள்ளே விழாதபடி கோட்டை மதில் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது மிக நீண்ட கணக்கு. மோஞ்சு சீக்கிரமாக முடித்து விட்டார்.

மேல் அதிகாரி நம்பவில்லை. "இவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியாது" என்று கூறி, விடையைப் பார்க்கவே மறுத்தார்.

மோஞ்சு விடவில்லை. எண்களைக் கூட்டிக் கழிப்பதற்குப் பதிலாக, மேல்தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் கோடுகளால் இணைத்து விடை கண்டதை விளக்கினார். அதிகாரிகள் வியந்தார்கள். வியந்ததோடு நிற்கவில்லை. பல ஆண்டுகள் அதை ராணுவ ரகசியமாகவே பூட்டி வைத்தார்கள்!

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1795-ம் ஆண்டில் மோஞ்சு இதைப் பொதுவில் பாடமாக நடத்தினார். இன்று பாலிடெக்னிக் மாணவர் முதல் ஆண்டிலேயே இதைப் படிக்கிறார்.

மேல்தோற்றம் கீழே!

மூன்று தோற்றத்தையும் தாளில் எங்கெங்கே போடுவது? அவரவர் விருப்பம் போலப் போட்டால் குழப்பம் வரும். அதற்கும் விதி உண்டு.

இந்தியாவில் கற்றுக் கொடுக்கும் முறையில், மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே போடுவார்கள். மேலே இருந்து பார்த்ததைக் கீழே போடுவதா என்று வியப்பாக இருக்கும். காரணம் எளிது. ஒரு பொருளுக்கு மேலே விளக்கைப் பிடியுங்கள். நிழல் எங்கே விழுகிறது? தரையில். இடது பக்கம் விளக்கைப் பிடியுங்கள். நிழல் வலது பக்கச் சுவரில் விழும். அதே கணக்குதான். மேல்தோற்றம் கீழே, இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இது தலைகீழ். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததாக நினைத்துக் கொள்வார்கள். மேலே தெரிவதை மேல் கண்ணாடியிலேயே வரைவார்கள். அதனால் மேல்தோற்றம் மேலேயே வரும்.

இரண்டும் சரியான முறைதான். ஆனால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துப் படித்தால் வந்தது வினை! இடது பக்கத் துளை வலது பக்கம் போய் விடும். இடது கால் செருப்பு தைக்கச் சொன்னால் வலது கால் செருப்பு வந்து நிற்கும். அதனால்தான் எந்த முறை என்பதற்குத் தாளில் ஓர் அடையாளம் போடுகிறார்கள். தலை வெட்டிய கூம்பு ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம்.

கோடு பேசும்

வரைபடத்தில் எல்லாக் கோடும் ஒன்று அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

அழுத்தமான முழுக்கோடு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பு.

விட்டு விட்டுப் போட்ட சிறுகோடு, உள்ளே மறைந்து இருக்கும் விளிம்பு. பியூஸ் கட்டையில் திருகாணி போகும் துளை இப்படித்தான் தெரியும்.

நீளம், குட்டை, நீளம், குட்டை என்று சங்கிலி போலப் போகும் மெல்லிய கோடு, நடுக்கோடு. உருண்டைப் பொருளுக்கும் துளைக்கும் அது இல்லாமல் முடியாது.

சாய்வாக, நெருக்கமாகப் போட்ட மெல்லிய கோடுகள், 'இந்த இடத்தை வெட்டிக் காட்டி இருக்கிறது' என்று சொல்லும்.

வெட்டிக் காட்டுவது எதற்காக? பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பாருங்கள். வெளியே முள் மட்டும் தெரிகிறது. சுளை எத்தனை, கொட்டை எங்கே என்பது வெட்டினால்தான் தெரியும். பீங்கான் பொருளும் அப்படித்தான். வெளியே வழவழப்பு. உள்ளே பள்ளம், துளை, தடுப்பு எல்லாம் இருக்கும். உண்மையில் வெட்டாமல், வெட்டியதாக நினைத்து வரைந்தால் போதும். அதற்கு வெட்டுத்தோற்றம் என்று பெயர்.

இப்படிக் கோட்டுக்கு ஒரு பொருள் என்று நாடு முழுவதும் ஒப்புக்கொண்டால்தான், விருத்தாசலத்தில் போட்ட படத்தைக் கோவையில் படிக்க முடியும். அதற்காக 1955-ம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 696 என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான தனித் தொகுப்பு 1988-ம் ஆண்டில் வந்தது.

எண்தான் எஜமான்

வரைபடத்தில் படத்தை விட எண் பெரியது.

முன்பு நம் நாட்டில் விரல், சாண், முழம் என்று அளந்தார்கள். ஒருவர் முழம் மற்றவர் முழம் ஆகுமா? அந்தச் சண்டை அன்றே தெரிந்திருந்தது. அதனால்தான் சோழர் காலக் கோயில்கள் பலவற்றில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பிறகு வெள்ளைக்காரர்களின் அடியும் அங்குலமும் வந்தன. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இப்போது எந்திர வரைபடங்களில் மில்லி மீட்டர்தான்.

எண் எழுதவும் விதி இருக்கிறது.

ஒரு அளவை ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் என்ன? பிறகு அளவு மாறும்போது ஒன்றைத் திருத்துவார்கள். மற்றொன்றை மறந்து விடுவார்கள். தொழிலாளி எதை நம்புவார்?

அடுத்த விதி முக்கியமானது. தாளின் மேல் அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது! பெரிய பொருளைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்து இருக்கலாம். சிறிய பொருளை இரண்டு மடங்காக்கி வரைந்து இருக்கலாம். காகிதம் ஈரத்தில் நீளும். நகல் எடுக்கும்போது படம் கொஞ்சம் கூடும், குறையும். எழுதிய எண் மட்டும் மாறாது. அதுதான் பொருளின் உண்மை அளவு.

சூளை வைக்கும் பரீட்சை

இனித்தான் பீங்கானுக்கே உரிய சோதனை வருகிறது.

இரும்பில் 88 மில்லி மீட்டர் நீளம் வேண்டும் என்றால், 88 மில்லி மீட்டர் வெட்டினால் போதும். மண் அப்படி அல்ல. ஈரம் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மின்சாரச் சாமானுக்கான பீங்கானை 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலான வெப்பத்தில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண் துகள்களின் ஒரு பகுதி உருகி, இடையில் உள்ள சந்துகளை அடைத்து விடுகிறது. துகள்கள் நெருங்கி வருகின்றன. பொருள் சிறுத்து விடுகிறது.

எவ்வளவு சுருங்கும்? அது மண்ணைப் பொறுத்தது, ஈரத்தைப் பொறுத்தது, சூட்டைப் பொறுத்தது. குழைத்த மண் அதிகம் சுருங்கும். லேசான ஈரத்தோடு அச்சில் அழுத்திய தூள் அதைவிடக் குறைவாகச் சுருங்கும். குயவருக்கு இது பரம்பரையாகத் தெரியும். பானை எவ்வளவு சிறுக்கும் என்பதை அவர் கை அறியும். ஆனால் ஆயிரம் கட்டை, ஆயிரம் அடிக்கட்டைக்குப் பொருந்த வேண்டும் என்றால், கை மட்டும் போதாது. கணக்கு வேண்டும்.

வரைபடத்தில் எழுதி இருப்பது பொதுவாகச் சுட்ட பிறகு இருக்க வேண்டிய அளவு. அச்சு வெட்டுகிறவர் அதைப் பெரிதாக்கிக் கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது?

ஒரு கட்டை சுட்ட பிறகு 88 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். மண் நூற்றுக்கு 12 பங்கு சுருங்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அவசரக்காரர் என்ன செய்வார்? "88-க்கு நூற்றுக்கு 12 என்றால் பத்தரைக்குக் கொஞ்சம் கூட. சேர்த்தால் 98.56. அச்சை அந்த அளவுக்கு வெட்டு" என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு! சுருங்குவது சுட்ட கட்டை அல்ல, பச்சைக் கட்டை. நூற்றுக்கு 12 என்பது பச்சைக் கட்டையின் நீளத்தில் 12. அதாவது, 100 மில்லி மீட்டர் பச்சைக் கட்டை வெந்தால் 88 ஆகும். ஆகவே அச்சு 100 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். 88-ஐ 0.88-ஆல் வகுத்தால் 100 கிடைக்கும். பெருக்கிச் சேர்க்கும் கணக்கு அல்ல, வகுக்கும் கணக்கு.

அவசரக்காரர் அச்சில் வந்த 98.56, சூளையில் என்ன ஆகும்? 86.73 மில்லி மீட்டர் ஆகும். ஒன்றேகால் மில்லி மீட்டர் குறைவு.

"ஒன்றேகால் மில்லி மீட்டர்தானே!" என்று விட்டுவிட முடியுமா? அதையும் வரைபடமே சொல்லி விடுகிறது.

எவ்வளவு மன்னிக்கலாம்?

உலகத்தில் எந்தத் தொழிலாளியும் எந்த எந்திரமும் ஒரு அளவை இம்மி பிசகாமல் செய்ய முடியாது. வரைபடம் போடுகிறவருக்கு இது தெரியும். அதனால் 88 என்று மட்டும் எழுதி நிறுத்த மாட்டார். '88, கூட்டல் கழித்தல் 1' என்று எழுதுவார். 87 முதல் 89 வரை எது வந்தாலும் எடுத்துக் கொள்ளலாம். அதற்கு வெளியே போனால் தள்ள வேண்டும்.

இந்த இடைவெளியைக் குறிப்பதுதான் வரைபடக்காரரின் பெரிய பொறுப்பு. மிகக் குறுக்கினால் நல்ல பொருளும் கழிவாகும். மிக விரித்தால் ஆடுகிற கட்டை வீட்டுக்குப் போகும். இரும்பைக் கடைசலில் கொடுத்துத் தலைமயிர் கனத்துக்குத் திருத்தலாம். சுட்ட பீங்கானை அப்படித் திருத்துவது எளிது அல்ல. ஆகவே பீங்கானுக்கு மன்னிப்பு கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பது வழக்கம்.

அவசரக்காரரின் கட்டை 86.73. கீழ் எல்லை 87. ஒரு கட்டை அல்ல. அந்த அச்சில் அழுத்திய அத்தனை கட்டையும் இதே கதிதான். மண் போச்சு, எரிபொருள் போச்சு, கூலி போச்சு. ஒரு வகுத்தல் கணக்கைக் கூட்டல் கணக்காகப் போட்டதற்கு இவ்வளவு தண்டனை!

ஆற்றில் போட்ட பொன்

விருத்தாசலத்துக்கு ஒரு புராணக் கதை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே இறைவனிடம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். ஆற்றில் போடும் முன், அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக் கொண்டாராம். எதற்கு? அங்கே எடுக்கும் பொன் இங்கே போட்ட பொன்தானா என்று மாற்று உரைத்துப் பார்ப்பதற்கு!

ஊர் மாறிக் கை மாறிப் போகும் பொருளுக்கு ஓர் அத்தாட்சி வேண்டும். தொழிற்சாலையில் அந்த அத்தாட்சி வரைபடம்தான். சூளையில் இருந்து வந்ததை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும்.

தாளின் வலது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு கட்டம் இருக்கும். பொருளின் பெயர், படத்தின் எண், எத்தனை பங்கு சுருக்கி வரைந்தது என்ற விவரம், தேதி எல்லாம் அதில் இருக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதும் இருக்கும். அச்சு வெட்டுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த மூலையைத்தான். பழைய படத்தை எடுத்துப் புதிய பொருள் செய்தவர்கள் உண்டு!

யார் கற்கலாம்?

படம் வரையும் திறமை பிறவியில் வர வேண்டும் என்பது இல்லை. இது சித்திரக் கலை அல்ல, எழுத்து மாதிரி. அ, ஆ கற்றவர் கடிதம் எழுதுவது போல, கோட்டின் பொருளைக் கற்றவர் வரைபடம் படிக்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து இரண்டு ஆண்டில் 'டிராப்ட்ஸ்மேன்' தொழிலைக் கற்கலாம். ஆண், பெண் இருபாலரும் சேரலாம்.

முன்பு பலகை, டீ மட்டம், பென்சில் கொண்டு வரைந்தார்கள். நீலத் தாளில் வெள்ளைக் கோடாக நகல் எடுத்தார்கள். 'புளூ பிரிண்ட்' என்ற பெயர் அதனால் வந்தது. இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். கோடு கோணலாகாது, அழிப்பதும் எளிது. ஆனால் மண் எவ்வளவு சுருங்கும் என்பதை மனிதர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், கம்ப்யூட்டர் அந்தத் தப்பை அழகாக வரைந்து கொடுக்கும்!

வீட்டில் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். டம்ளர் ஒன்றை முன்னால் வைத்து, முன்தோற்றமும் மேல்தோற்றமும் வரையச் சொல்லுங்கள். அளவை எழுதச் சொல்லுங்கள். பிறகு டம்ளரை ஒளித்து வைத்து, அந்தத் தாளை மட்டும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, "இது என்ன, எவ்வளவு உயரம்?" என்று கேளுங்கள். அவன் சரியாகச் சொன்னால் வரைபடம் பாஸ்!

தாளில் இருக்கும் தவறைத் திருத்த ஒரு ரப்பர் போதும். எஃகு அச்சில் வெட்டிய பிறகு திருத்தப் பணம் வேண்டும். சூளையில் வெந்த பிறகோ, பீங்கான் மீண்டும் களிமண் ஆகாது.